முருகன் அட்டை போட்ட புத்தகம்

கடந்த செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணியளவில், கீழ்மாடியில் குடியிருக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண் வந்து கதவைத் தட்டினாள். வேலைக்குப் போன உடையைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. கொழும்பு மட்டக்குளியில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், மூன்று வீடுகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவள். அன்று ஒரு வீட்டுச் சம்பளத்தை இழந்து, மகளின் பாடசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். மகள் இரண்டாம் தரம். வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாளாம். "வீட்டில் வாசித்துக் காட்டுவதில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்கு எழுத்துத் தெரியாது டீச்சர்" என்று இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். "அப்படியென்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எங்காவது பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. மற்றத் தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"என்னால் ஒன்றுமே முடியாதா அக்கா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன சொல் அல்ல அது. பதினேழு வருடங்களாக ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்காளராக வேலை செய்கிறேன். பிறர் எழுதியதில் ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பார்ப்பதுதான் என் சோறு. என்னை இந்த வேலைக்கு ஆளாக்கியவள் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வேறுபாடு தெரியாத என் அம்மா. அன்றிரவு தங்கச்சிக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அம்மா மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் இலங்கைக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளில் அம்மாவும் ஒருத்தி. ஒரே அறை, ஒரே ஆசிரியர். அங்கேயும் சில மாதங்கள்தான் போனாள். தம்பி பிறந்ததும் அவனை இடுப்பில் தூக்கிக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, அத்துடன் படிப்பு முடிந்தது. வயது வந்ததும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் போடுவார். நிறைய நாட்கள் முழு நிறையும் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் அரைப்பேர்க் காசை வாங்கிக்கொண்டு வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று காட்டுவார்களாம். அதை வாசிக்க அவளுக்குத் தெரியாது. "என் பேரை எனக்கு முன்னால் வைத்தே பாதியாக வெட்டினார்கள்" என்பாள். நான் வாசிக்க வேண்டும் என்பதில் அவளுக்கு இருந்த பிடிவாதம் அந்தச் செக்ரோலின் முன் நின்ற நாட்களில் பிறந்தது.

1986இல் அம்மாவும் அப்பாவும் கொழும்புக்கு வந்தார்கள். அப்போது எனக்கு இரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் ஓர் அறை. கொழும்பில் இப்படி நெருங்கிய வரிசை வீடுகளுக்கும் தோட்டம் என்றுதான் பெயர். அப்பா புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் போனார். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு மூட்டைகள். அம்மா வீடுகளில் சமைக்கப் போனாள். சந்தையில் அவள் பேசிய சிங்களத்தைக் கேட்டால் யாரும் மலைப்பார்கள். மூன்று மொழி எழுத்துகளும் நிறைந்த இந்த நகரத்தில் அவள் அறிந்தவை இலக்கங்கள் மட்டும்தான். பணத்தாளிலிருந்தும் பஸ்ஸின் நெற்றியிலிருந்தும் தானாகவே படித்துக்கொண்டவை அவை.

எங்கள் அறையில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகைப் பற்றுச்சீட்டு, அந்த நாட்களில் தமிழர்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் தாள், எல்லாம் அதற்குள் இருந்தன. எந்தத் தாளைக் கேட்டாலும் அம்மா ஒரே நொடியில் எடுத்துவிடுவாள். இது எப்படி முடிகிறது என்று எனக்கு நீண்ட நாள் விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக மடித்து வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ் மூன்றாக, தடுப்பூசி அட்டை குறுக்கே இரண்டாக, பொலிஸ் தாள் நான்காக மடித்து ஒரு மூலை உள்ளே சொருகியபடி. இரவில் மின்சாரம் போனால்கூட விரலாலேயே கண்டுபிடிப்பாள்.

புத்தகங்களுக்கும் அதே வழிதான். ஜனவரியில் அரசாங்கம் தரும் இலவசப் பாடநூல்கள் வந்ததும், கடையில் கேட்டு வாங்கிய பழைய நாட்காட்டித் தாள்களால் அம்மா அட்டை போடுவாள். தமிழுக்கு முருகன். கணிதத்துக்கு லட்சுமி. சுற்றாடலுக்கு ஒரு நீர்வீழ்ச்சி. "முருகனை எடு" என்றால் தமிழ் வாசிக்க வேண்டும். புனித லூசியாஸ் பேராலயத்தின் மாலை மணி அடித்தால் முருகன் வெளியே வர வேண்டும், அதில் மழை வெயில் இல்லை. அம்மா சுளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவாள், நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன்.

இரண்டாம் தரத்தில் நான் அவளை ஏமாற்றப் பார்த்தேன். வகுப்பில் எல்லோரும் கோரஸாகச் சொல்லிச் சொல்லிப் பாடம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு நரியைப் பற்றிய பாடம். படத்தைப் பார்த்தபடி ஒப்புவித்துக்கொண்டு போனேன், எழுத்துகளைப் பார்க்கவேயில்லை. அம்மா அரிசியிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்தாள். "இது என்ன?" நான் ஏதோ சொன்னேன். நாலு வரி தள்ளி இன்னொரு சொல்லில் வைத்தாள். "இது?" வேறு ஏதோ சொன்னேன். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே பாப்பா. அதற்கு ஒரு பேர், இதற்கு ஒரு பேரா?"

பார்த்தேன். இரண்டு இடத்திலும் 'காடு' என்று இருந்தது. எனக்கு முகம் சூடானது. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று ஓடும் கையால் பிரித்தெடுத்துப் பழகியவளுக்கு வடிவம் தப்பாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனை நடந்தது. தெரியாத எழுத்தைக் கொண்டு தெரிந்தவளைச் சோதிக்க முடியும் என்பதை அம்மா தானாகவே கண்டுபிடித்திருந்தாள். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரே மாதிரி இருப்பதை ஒரே மாதிரி வாசிக்கிறாளா என்று பார்க்கக் கண் மட்டும் போதும்.

அவள் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். ஒரு நாள் 'கொ'வைக் காட்டி, "ஏன் இதற்கு முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று நிற்கிறது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டீச்சரிடம் கேட்டு வந்து, கொம்பையும் காலையும் விளக்கினேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா, "பெரிய மூட்டை என்றால் நாங்களும் முன்னுக்கு ஒருவர் பின்னுக்கு ஒருவர் நின்றுதான் தூக்குவோம்" என்றார். அதற்குப் பிறகு நான் 'கொ'வையும் 'கெ'வையும் மாற்றி எழுதியதேயில்லை.

அப்பா கடையிலிருந்து பழைய வீரகேசரித் தாள்கள் கொண்டுவருவார். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "வெங்காயம் என்ன விலை போட்டிருக்கிறான், வாசி" என்பார். நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்ததும், "அது அப்போதைய விலை. இரண்டு கப்பல் வந்தது, இன்றைக்கு இறங்கிவிட்டது" என்று திருத்துவார். தாளில் இருப்பதைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் முடிக்கும்வரை ஒரு சொல் குறுக்கே பேச மாட்டார். அவ்வளவு களைப்பிலும் ஒரு மனிதர் என் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். வாசிப்பது ஒரு வேலை, அதற்கு வீட்டில் மதிப்பிருக்கிறது என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. முதன்முதலாகப் பாடநூலைத் திறக்கும் பிள்ளைக்கு 'வந்தனர்', 'உரைத்தான்' எல்லாம் அந்நியமாக இருக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை. தாத்தா தோட்டத்தில் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவர். மாசி மாதத்தில் இரவிரவாக நடக்கும் அந்தக் கூத்தின் பாட்டுகள் அம்மாவுக்கு மனப்பாடம். அர்ச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் பாதிக்கு மேல் தெரியும். சமைக்கும்போது பாடுவாள். மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்ததும் ரதி புலம்புகிற இடத்தில் எத்தனை பழைய சொற்கள்! பிறகு அவற்றை நான் புத்தகத்தில் கண்டபோது, தெரிந்த வீட்டுக்குள் நுழைவது போல இருந்தது. எழுத்தறியாதவர்களின் வீட்டில் மொழி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்கள் அறையில் இருந்த தமிழ் பல படித்த வீடுகளில் இல்லை.

ஆறாம் தரத்தில் நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டாம் தவணைத் தேர்ச்சி அறிக்கை வந்தது. புள்ளிகளை மாற்றிச் சொல்ல முடியாது, இலக்கங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் கீழே வகுப்பாசிரியரின் குறிப்பு ஒரு வரி இருந்தது: 'வகுப்பில் கவனம் போதாது. அதிகம் கதைக்கிறார்.' அம்மா அதைத் தொட்டு, "இதில் என்ன?" என்றாள். "கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்குப் போய்விட்டாள். பெருமையாகக் காட்டத்தான் போயிருக்கிறாள்.

திரும்பி வந்து அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. என்னை நிறுத்தி, அதே வரியில் விரலை வைத்து, "திரும்ப வாசி" என்றாள். வாசித்தேன். "இன்னொரு முறை." வாசித்தேன். "எழுதியிருப்பது எனக்கு வலித்தாலும் பரவாயில்லை. எழுதியிருப்பதைத்தான் நீ எனக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்கு அந்தக் கணக்கப்பிள்ளையும் நீயும் ஒன்று" என்றாள். கணக்கப்பிள்ளையின் பெயரை அவள் எடுத்தது என்னை நொறுக்கிவிட்டது. இன்று அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, நான் அச்சுப்படியைப் பார்க்கிறேன். இருப்பது இருக்கிறபடி என்பதுதான் எங்கள் தொழிலின் சட்டம். அதை நான் அச்சகத்தில் படிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்விச் சஞ்சிகையின் படியைத் திருத்தும்போது, லண்டனில் ஹாரிங்கே என்ற பகுதியில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிய கட்டுரை கையில் வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் தொடங்கிய ஆய்வு, டிசார்ட், ஷோஃபீல்ட், ஹியூசன் என்ற மூவரும் 1982இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொழிலாளர் குடும்பங்களின் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். ஒரு பகுதியினர் பாடசாலையிலிருந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோருக்குச் சத்தமாக வாசித்தார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பாடசாலையிலேயே மேலதிக ஆசிரியர் உதவி. இரண்டு வருடங்களுக்குப் பிறகு வீட்டில் வாசித்தவர்களின் முன்னேற்றம்தான் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள். எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் உட்கார்ந்து கேட்டதுதான். அந்தப் பந்தியைத் திருத்த வேண்டியவள், பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். சுளகும் அரிசியும் கண்ணுக்கு முன் வந்து நின்றன.

இதை ஆசிரியர்களும் வாசித்தால் நல்லது. பலருடைய வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நெருக்கடி என்பது எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் 'வாசித்துக் கையொப்பமிடவும்' என்று கொப்பியில் எழுதும்போது, அதை வாசிக்க முடியாத தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நினைவில் வைத்திருங்கள். 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாட்களில் வீட்டுவேலை வாட்ஸ்அப்புக்கு வந்தது, அது இன்னும் போகவில்லை. கீழ்மாடித் தங்கச்சியின் கைத்தொலைபேசியில் அந்தக் குழுவின் செய்திகள் நூற்றுக்கணக்கில் திறக்காமல் கிடந்தன. அதே கைத்தொலைபேசியில் ஊரிலிருக்கும் தன் தாயுடன் தினமும் குரல் பதிவில்தான் பேசுகிறாள். நாளைக்கு எந்தப் பாடம், என்ன கொண்டுவர வேண்டும் என்பதை அரை நிமிடக் குரலில் அனுப்பினால் அவளும் மற்றத் தாய்மாரைப் போல் ஆகிவிடுவாள். எல்லோர் முன்னிலையிலும் 'உங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்வதைவிட அது ஒன்றும் கடினமில்லை.

அம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க நான் பலமுறை முயன்றேன். தன் பெயரைக் கையொப்பமாக இடுமளவுக்குக் கற்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். "நீ வாசி, நான் கேட்கிறேன்" என்பதுதான் இன்றைக்கும் பேச்சு. எழுபது வயதாகிவிட்டது. காலையில் நான் வேலைக்குப் புறப்படும் முன் பத்திரிகையின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் போக வேண்டும். தோட்டத் தொழிலாளரின் சம்பளச் செய்தி வந்தால் இரண்டு முறை.

தங்கச்சியிடம் அன்றிரவு நான் சொன்னது கொஞ்சம்தான். பெரிதாக எதையும் வாங்காதே. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கால் மணித்தியாலம் உட்கார். மீன் வெட்டிக்கொண்டே கேட்டாலும் சரி, ஆனால் தொலைக்காட்சியை நிறுத்து. வாசித்து முடித்ததும், கதையில் என்ன நடந்தது என்று உன் வாயால் திரும்பச் சொல்லு, பிழையாகச் சொன்னால் அவள் திருத்தட்டும். ஒரே மாதிரிச் சொற்களில் விரல் வை. இதைச் சொன்னபோது அவள் என் முகத்தையே பார்த்தாள், நம்பவில்லை என்று தெரிந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடியே, "என் பிள்ளையை நான் அப்படித்தான் பிடித்தேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் நம்பினாள்.

நேற்று மாலை மாடிப்படியில் இறங்கும்போது அவர்களுடைய கதவு திறந்திருந்தது. தங்கச்சி குசினி வாசலில் உட்கார்ந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் எதிரே தரையில், மடியில் புத்தகம். பூக்களைப் பற்றிய பாடம். தாய் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எட்டி ஒரு சொல்லில் விரல் வைத்தாள்.

"இது மேலே இருந்த அதே சொல்தானே?"

மகள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "இல்லை அம்மா. மேலே இருப்பது மனம். இது மணம்."

"இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது."

"இல்லை, பாருங்கள். இதற்கு ஒரு சுழி கூட."

தாய் தலையைப் புத்தகத்துக்கு மேல் சாய்த்து, நெத்தலி வாசம் வீசும் விரலைத் தாளில் படாமல் பிடித்து எண்ணினாள். "ஒன்று, இரண்டு, மூன்று." பிறகு மேலே இருந்ததை எண்ணினாள். "ஒன்று, இரண்டு."